ஒத்துழைக்காத கண்கள்

டார்ச் லைட்டைப் பிடித்து அடுத்தவர் கண்ணுக்குள் பார்க்கிற வேலைக்கு வந்த எவருக்கும் ஆறு மாதத்தில் ஒரு தலைக்கனம் வரும். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கும் வந்திருக்கும். வராதவர்கள் கவலைப்பட வேண்டாம், வந்துவிடும். எனக்கு அது முப்பது வருஷம் இருந்தது. கண் மருத்துவ உதவியாளராகச் சேர்வராயன் மலையில் நான் ஏறி இறங்காத ஊர் இல்லை. மலையில் என்னைக் ‘கண்ணாடி மேடம்’ என்பார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே ஒரு சுற்றுப் பெருத்துவிடுவேன். அப்படிச் சேர்த்துவைத்த தலைக்கனம் முழுவதும், ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு காலை வேளையில் குப்பனூர் ரோட்டு வளைவு ஒன்றில் வேனை விட்டு இறங்கிப் போய்விட்டது.

அதைத்தான் சொல்லப்போகிறேன். யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் நான் சிரிப்பேன், நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

வெள்ளக்கடையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கண் சிகிச்சை முகாம். கரும்பலகையின் மேல் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். செம்மநத்தத்திலிருந்தும் சுற்றுப்பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முதல் பாட்டி வந்தார். இரண்டு கண்ணிலும் புரை, தூரத்திலிருந்தே தெரிகிறது, பால் ஊற்றியது போல. ஆனால் அட்டையில் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் வாசித்தார். எனக்கு ஆச்சரியம். அடுத்த பெரியவரும் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். நான்காவது ஆள் எழுத்தே தெரியாதவர், கைநாட்டு. அவரும் வாசித்துவிட்டார்.

எழுந்துபோய்ப் பார்த்தேன். வரிசையில் ஒரு பெண் நின்றுகொண்டு எல்லாருக்கும் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்து, பாடம் போல ஒப்பிக்கவைத்துக்கொண்டிருந்தாள். முகாம் என்பது ஏதோ பரீட்சை, பாஸ் பண்ணிவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்று வெள்ளக்கடை முழுவதும் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவளும் அவளேதான்.

பெயர் ஜெசிந்தா. வயது பத்தொன்பது. அம்மா எமிலி எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர். மகள் ஏற்காடு ஏரிக்கரையில் சித்திக்குச் சொந்தமான பலூன் சுடும் கடையில் இருந்தாள். சுற்றுலா வருகிறவர்களைக் கேலி செய்தே துப்பாக்கி தூக்கவைத்துவிடுவாள் என்று கேள்வி. மேலிமை இரண்டும் பாதிக் கண்ணை மூடியிருந்தன. அதனால் எதையும் பார்க்க மோவாயைத் தூக்கி, மூக்குக்குக் கீழே இருக்கிற உலகத்தைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பட்டம் இருந்ததாம். தூங்குமூஞ்சி ஒன்று, மகாராணி இன்னொன்று. வகுப்பில் தூங்குகிறாள் என்றும் அடி, ஆசிரியரைத் திமிராகப் பார்க்கிறாள் என்றும் அடி.

அறுபது பேரும் எழுத்தை மனப்பாடம் செய்துவிட்டதால், வேறு அட்டை மாட்டி மறுபடி முதலிலிருந்து பார்க்கவைத்துவிட்டாளே என்ற கோபம் எனக்கு. அந்தக் கோபத்தோடுதான் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். இதைக் கவனியுங்கள். கோபத்தோடு டார்ச்சை எடுத்தால் டார்ச் பாதி வெளிச்சம்தான் தரும்.

வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வா என்று டார்ச்சை வலப்பக்கம் கொண்டுபோனேன். அவள் முகத்தை மொத்தமாகத் திருப்பினாள். தலையை ஆட்டக் கூடாது, கண்ணை மட்டும் திருப்பு என்றேன். சரிங்க என்றாள். இடப்பக்கம் கொண்டுபோனேன். மறுபடியும் தலை திரும்பியது. தாடையைப் பிடித்துக்கொண்டு மேலே பார் என்றேன். அவள் பல்லைக் காட்டிச் சிரித்தாளே தவிர, கண்மணி அசையவில்லை. வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சற்று முன்னால் அறுபது பேரை வைத்து என்னை ஏமாற்றியவள் இப்போதும் விளையாடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பரிசோதனைச் சீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினேன். அடிக்கோடு வேறு போட்டேன்.

பின்னால் நின்ற எமிலி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். “அப்பப்ப கண்ணு இருட்டி அப்படியே உக்காந்துக்கறாளுங்க மேடம்.”

கண் இருட்டுகிறது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? மயக்கம் வருகிறது என்று அர்த்தம். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் நான் கண் ஆள் அல்லவா? கண் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை. ‘பார்வை மங்கல்’ என்று எழுதினேன். கீழே, ‘மேலிமை இறக்கம், அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சீட்டில் இத்தனை தப்பை இத்தனை அழகான கையெழுத்தில் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இமையைத் தூக்கிவிடுவார்கள் என்றதும் ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அன்று காலை எங்கள் வேன் வெள்ளக்கடையில் ஆள்களை ஏற்றிக்கொண்டது. புரை ஆபரேஷனுக்கு ஏழு பேர், ஜெசிந்தா, எமிலி, நான், டிரைவர் மாணிக்கம். மாணிக்கம் இந்த மலையில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். வளைவில் ஹாரன் அடிப்பதையே பேச்சாக நினைப்பவர்.

அன்றைக்கு அந்த வேன் கல்யாணத்துக்குப் போகிற வண்டி மாதிரி இருந்தது. ஜெசிந்தா கண்டக்டர் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். குப்பனூர் ரோட்டில் இறங்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர் வைத்து, துபாய் எறங்குறவங்க முன்னாடி வாங்க, சிங்கப்பூர் டிக்கெட் எல்லாம் பின்னாடி போங்க என்று கூவினாள். பாட்டிகள் பல்லில்லாத வாயால் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்கள். செம்மநத்தத்து விவசாயி சடையப்பன் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். கண்ணை வெட்டப்போகிற டாக்டருக்குக் கொடுத்தால் கொஞ்சம் பதமாக வெட்டுவார் என்பது அவருடைய கணக்கு. அவர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் குழம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டிக்கு வாந்தி வந்தது. மாணிக்கம் ஓரமாக நிறுத்தினார். ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை எடுக்க எழுந்தாள். வண்டி பத்து நிமிஷம் நிற்கும், டீ குடிக்கிறவங்க என்று ஆரம்பித்தவள், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெட்டிய வாழை போலச் சடையப்பன் மடியில் விழுந்தாள். ஆரஞ்சுப் பழங்கள் வேன் முழுவதும் உருண்டன.

பத்து விநாடி இருக்கும். நான் அவள் கன்னத்தைத் தட்டுவதற்குள் பாதிக் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் இத்தனை முகங்களைப் பார்த்துவிட்டு, துபாய் வந்துருச்சுங்களா என்று கேட்டாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காலையில் சாப்பிடவில்லை என்றார் எமிலி. மலை இறங்கினால் இப்படித்தான் கிறுகிறுக்கும் என்றார் ஒரு பாட்டி. எலுமிச்சம்பழத்தை முகர வை என்றார் இன்னொருவர். எலுமிச்சம்பழம் இல்லை, ஆரஞ்சு இருக்கிறது என்று சடையப்பன் ஒன்றை உரித்து அவள் மூக்கில் வைத்தார். அவள் அதை வாங்கித் தின்றாள். அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு வண்டியை எடுக்கச் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் நாடியைப் பிடித்தது திறமையால் அல்ல. கீழே விழுந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏதோ செய்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விரலை வைத்தேன். ஒன்று. அப்புறம் காத்திருந்தேன். வரும் என்று தெரியும், ஆனால் வரவில்லை. பிறகு சாவகாசமாக வந்தது இரண்டு. ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினேன். முப்பத்தி நான்கு.

முதலில் என் வாட்ச் மேல் சந்தேகம் வந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். என்னுடைய நாடியை எண்ணினேன், அது நூறுக்கு மேல் ஓடியது. அதை நம்ப முடியாது, எனக்குப் பயம் வந்துவிட்டது. மாணிக்கம், கையைக் கொடுங்க என்றேன். அவர் ஏன் என்று கேட்காமல் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து நீட்டினார். எழுபத்தியாறு. வாட்ச் சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஜெசிந்தா. முப்பத்தி ஐந்து.

ஓட்டமும் பேச்சுமாக இருந்து, இப்போதுதான் விழுந்து எழுந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதயம் எகிறிக் குதிக்க வேண்டும். இவளுக்கு அது உலாப் போய்க்கொண்டிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். தொங்கிய இமை. ஏதோ ஒன்று மனசில் நெருடியது. ஒரு விரலை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி, கண்ணு, தலையை ஆட்டாமல் இந்த விரலைப் பார் என்றேன். எமிலியை அவள் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். விரலை வலப்பக்கம் நகர்த்தினேன். கண்மணி நகரவில்லை. இடப்பக்கம், மேலே, கீழே. படத்தில் வரைந்த கண் மாதிரி நடுவிலேயே நின்றது. அவள் பல்லைக் கடித்து முயற்சி செய்வது கழுத்து நரம்பில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த சிரிப்பும் இதுதான். அது சிரிப்பே இல்லை.

“பாக்கறேனுங்க மேடம். கண்ணுதான் வரமாட்டீங்குது” என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டரம்மாவிடம் இருந்தேன். கோபக்காரர். தொங்கிய இமையோடு, அசையாத கண்ணோடு ஒருவர் அவரிடம் வந்திருக்கிறார். உட்காருங்கள் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். அந்த மனிதர் பெஞ்சில் இருந்தபடியே இறந்துபோனார். கண்ணை அசைக்கிற தசையையும் இதயத்தையும் ஒன்றாகப் பிடிக்கிற நோய் ஒன்று இருக்கிறது, அபூர்வம், ஆனால் இருக்கிறது என்று எங்களிடம் சொன்னார். இமை தொங்கி, கண் அசையாமல் எவர் வந்தாலும் முதலில் கையைப் பிடித்து நாடி பாருங்கள் என்றார். நான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, பயபக்தியோடு மறந்தும் போயிருந்தேன். அன்றைக்கு அந்த வளைவில் அவர் திட்டுகிற குரல் அப்படியே திரும்பக் கேட்டது.

இனிமேல்தான் உங்களுக்கு வேண்டிய பாகம். என்ன நோய் என்று யோசித்துக் கண்டுபிடிப்பது சுலபம், வண்டியை எங்கே விடச் சொல்வது என்பதுதான் கஷ்டம்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வண்டி வேறு பக்கம் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். கண் மருத்துவமனையிலிருந்து அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் தயார், எங்கே இருக்கிறீர்கள் என்றார்கள். ஒரு பெண்ணுக்கு மயக்கம் என்றேன். மலை இறங்கும்போது வருவதுதானே, இங்கே கொண்டுவாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள். பொறுப்பு கை மாறிவிடும். ஆனால் அங்கே இருப்பவர்கள் என் சீட்டைப் படித்து, இமை ஆபரேஷன் கேஸ் என்றுதான் பார்ப்பார்கள். ஊசி போடுவார்கள். அந்த இதயம் அதைத் தாங்குமா என்று கேட்க அந்தச் சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. எழுதாமல் விட்டவள் நான்.

மாறாக, அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால்? என் எண்ணிக்கை தப்பாக இருந்தால்? மலைக் கிறுகிறுப்புக்காக ஏழு புரைக் கேஸையும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டிக்கொண்டு போன கண்ணாடி மேடம் என்று மாவட்டம் முழுவதும் சிரிப்பார்கள். சொன்னால் வெட்கம், அந்தச் சிரிப்பு எனக்குக் காதில் கேட்டது. அரை நிமிஷம் அதற்காகவே தயங்கினேன்.

“மாணிக்கம், பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க. எங்கயும் நிறுத்த வேண்டாம்” என்றேன்.

அவர் ஹாரனை ஒரு முறை அடித்தார். அதுதான் பதில்.

ஜெசிந்தாவைப் பின் சீட்டில் நீளமாகப் படுக்கவைத்தோம். சீட்டில் இருந்த மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். சடையப்பன் அவள் இரண்டு காலையும் தன் தோளில் வைத்துக்கொண்டார். நான் கையை விடவே இல்லை. வழியில் இன்னொரு முறை அவள் கண் சொருகியது. விரலுக்குக் கீழே எதுவும் வராமல் ஐந்தாறு விநாடி போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எதையும் நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு துடிப்பு வந்தது. வந்துருச்சு என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அப்புறம் ஒவ்வொரு துடிப்புக்கும் நான் எண்ணைச் சொல்ல, ஏழு பேரும் கூடவே சொன்னார்கள். சேலம் வந்து சேரும் வரைக்கும் எங்கள் வேன் எண் சொல்லிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள். வேனில் இருங்கள் என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேருக்குப் பார்வை சரியில்லை, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி உள்ளே நுழைந்தார்கள். பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். இத்தனை பேருக்கும் என்ன ஆயிற்று, பஸ் கவிழ்ந்துவிட்டதா என்று பதறிப்போனார். ஒருத்திக்குத்தான், மீதிப் பேர் துணை என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். கண் ஆபரேஷனுக்கு வந்த பெண்ணுக்கு எதற்கு ஈ.சி.ஜி. கேட்கிறீர்கள் என்றார். நாடி, இமை, கண் அசைவு மூன்றையும் சொன்னேன். அவர் சீட்டில் விரலை வைத்து, கண் அசைவுக்கு ஒத்துழைக்கவில்லை என்றல்லவா இங்கே எழுதியிருக்கிறது என்றார்.

“அதை எழுதினவ நான்தாங்க டாக்டர். அது தப்பு” என்றேன்.

முப்பது வருஷத்தில் நான் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அது. அதைச் சொன்ன பிறகு பாருங்கள், எல்லாம் வேகமாக நடந்தது. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தானே அவள் கண்ணைச் சோதித்தார். ஈ.சி.ஜி. தாள் வெளியே வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். இதயத்தின் மேலறை ஒரு தாளத்தில் அடிக்கிறது, கீழறை அதைக் காதில் வாங்காமல் தன்பாட்டுக்கு அடிக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கம்பி அறுந்த மாதிரி என்று எனக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே ஓடினார். அன்று மதியத்துக்குள் தற்காலிகமாக ஒரு கம்பியை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தி இதயத்தைத் துடிக்கவைத்தார்கள். சில நாள் கழித்து நெஞ்சின் தோலுக்கடியில் நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் துடிக்க மறந்தால் அது ஞாபகப்படுத்தும்.

புரைக்காரர்களின் ஆபரேஷன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அவர்கள் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு நல்லாயிருச்சுங்களா என்று வராந்தாவில் வருகிற போகிற வெள்ளைச் சட்டைக்காரர்களையெல்லாம் நிறுத்திச் சடையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பேர் கேன்டீன்காரர்கள்.

நோயின் பெயர் வருவதற்குப் பல வாரம் ஆனது. தசையில் துளி எடுத்து எங்கோ தூரத்துக்கு அனுப்பினார்கள். வந்த பெயர் இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களின் பெயரை ஒட்டவைத்த நீளமான பெயர். இதய டாக்டர் அவளையும் எமிலியையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நானும் இருந்தேன். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி அடுப்புகள் இருக்கின்றன. சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுவது அவைதான். இவளுக்கு அதில் பல அடுப்புகள் சரியாக எரிவதில்லை. ஓய்வில்லாமல் வேலை செய்கிற தசைகள்தான் முதலில் பட்டினி கிடக்கும். இமையைத் தூக்குகிற தசை, கண்ணைத் திருப்புகிற தசை, இதயம். கை காலும் சீக்கிரம் களைக்கும். விழித்திரையிலும் சிறு புள்ளிகள் இருக்கின்றன, மங்கிய வெளிச்சத்தில் தடுமாற்றம் வரலாம். முழுக்கக் குணமாக்குகிற மருந்து இன்றைக்கு இல்லை. பேஸ்மேக்கர் பெரிய ஆபத்தைத் தள்ளிவைத்திருக்கிறது, மற்றதை ஒவ்வொரு வருஷமும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். எதையும் மறைக்கவில்லை, எதையும் பயமுறுத்திச் சொல்லவும் இல்லை.

ஜெசிந்தா மோவாயைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தாள்.

“அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா டாக்டர்?”

இல்லை என்றார். மற்றவர்கள் நடக்கிற தூரத்தை நடக்க உன் உடம்பு இரண்டு மடங்கு பாடுபடுகிறது என்றார்.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள், தலையை முழுவதும் திருப்பித்தான் திரும்ப முடியும், கேட்டுக்கிட்டியா என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நோய் என்று சொன்னதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நானும் பார்த்ததில்லை, டாக்டரும் பார்த்ததில்லை. எமிலி அழுதார். எழுந்திருடி சோம்பேறி என்று சொல்லாத காலை ஒன்றுகூட தங்கள் வீட்டில் இருந்ததில்லை என்றார்.

நானும் என் பங்கைச் சொல்லிவிட்டேன். கண்ணு, உன் சீட்டுல நான் தப்பா எழுதிட்டேன், நீ விளையாடறேன்னு நெனச்சுட்டேன் என்றேன்.

“நீங்க ஒருத்தரு மட்டுமாங்க மேடம்? பள்ளிக்கூடத்துல அஞ்சு டீச்சர் எழுதியிருக்காங்க” என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். எனக்குச் சாப்பாடு இறங்க இரண்டு நாள் ஆனது.

ஒத்துழைக்கவில்லை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. கண் அசையவில்லை என்றால் ‘கண் அசையவில்லை’ என்று எழுதுங்கள். பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். நீங்கள் பார்த்ததை எழுதிவிட்டால், உங்களைவிடப் புத்திசாலி ஒருவர் அடுத்த மேஜையில் இருந்து அதைப் படித்துப் புரிந்துகொள்வார். நீங்கள் நினைத்ததை எழுதினால் அவர் கண்ணையும் சேர்த்து மூடிவிடுகிறீர்கள்.

ஆனால் இமை இமைதான், இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார் கண் டாக்டர். தூங்கும்போது நம் கருவிழி மேலே போய் ஒளிந்துகொள்ளும். இவளுக்கு அது அசையாது, இமையை நிரந்தரமாகத் தூக்கிவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். ஜெசிந்தா அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இதயம் நின்று நின்று ஓடியபோதுகூடத் துபாய் பற்றிப் பேசியவள்.

எனக்கு அப்போதுதான் என் தொழில் ஞாபகம் வந்தது. கண்ணாடி மேடம் என்று சும்மாவா சொல்கிறார்கள்? கண்ணாடி பிரேமின் உட்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை வளைத்து வைத்தால், கண்ணாடி போட்டிருக்கும்போது அது இமையை ஏந்திப் பிடிக்கும். கழற்றினால் இமை மூடிக்கொள்ளும். படிக்கும் காலத்தில் ஒரு படம் பார்த்திருந்தேன். டாக்டரிடம் கேட்டேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் போடுவதும் கழற்றுவதுமாகப் பழகலாம், செய்து பாருங்கள் என்றார்.

மருத்துவமனையில் கண்ணாடி பொருத்துகிறவர் நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, இது காது குத்துகிற கருவியா என்று கேட்டார். முதல் கம்பி நீளம் அதிகம், இமையை விட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கியது. ஜெசிந்தா முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டு வருஷக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கேனுங்க என்றாள். இரண்டாவது கம்பி வழுக்கியது. இமை ஒரு பக்கம் மட்டும் பொட்டென்று விழுந்து, நடுவயதுக் கண்ணாடிக்காரரைப் பார்த்து அவள் கண்ணடித்தது போல ஆகிவிட்டது. அவர் கூச்சப்பட்டுச் சாமான்களைக் கீழே போட்டார். எமிலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மூன்றாவது கம்பிக்குக் கண்ணாடிக்காரர் மெல்லிய ரப்பர் உறை போட்டுக் கொண்டுவந்தார்.

நான்தான் மாட்டிவிட்டேன். இமை இரண்டும் மெதுவாக மேலே ஏறி நின்றன. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவள் கண்ணை முழுதாக அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல பெரிய கண்கள். அவள் பழக்கத்தில் மோவாயைத் தூக்கினாள். தூக்க வேண்டியதில்லை என்று அவளுக்கே புரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை இறக்கினாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“மேடம், நீங்க இவ்வளவு குட்டையா?”

கண்ணாடிக்காரர் உள்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். நான் அளவெடுக்கிற வேலையில் இருக்கிறவள், என்னை யாரும் அளந்ததில்லை.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு படி. வேனில் சாய்ந்துகொண்டு மாணிக்கம் நின்றிருந்தார். எமிலி வழக்கம்போல மகளின் கையைப் பிடித்தார். தலையை அண்ணாந்தே வைத்திருக்கிறவளுக்குத் தன் காலடி தெரியாது, எத்தனையோ வருஷமாகப் படி என்றால் அம்மாவின் கைதான். ஜெசிந்தா கையை உருவிக்கொண்டாள். முகத்தை இறக்கித் தன் செருப்பைப் பார்த்தாள். கீழே முதல் படியைப் பார்த்தாள். ஒன்று என்றாள், இறங்கினாள். இரண்டு. மூன்று. ஒவ்வொரு படியையும் நின்று பார்த்து, சத்தமாக எண்ணி, பதினோராவதில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள், இன்னொரு தடவை இறங்குவதற்காக.

வழியை மறிக்கிறீங்க என்று சொல்ல வந்த வாட்ச்மேன், என்ன நடக்கிறது என்று புரியாமல் ஒதுங்கி நின்றார். இரண்டாம் தடவை அவள் வேகமாக இறங்கினாள். மூன்றாம் தடவை நடுப்படியில் மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒழுங்காக, சீராக அடித்துக்கொண்டிருந்தது.

“எண்ணாதீங்க மேடம், நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். “கொஞ்சம் உக்காந்துட்டு இன்னொருக்கா எறங்கறேன். நீங்களும் வாங்க.”

ஆறாவது படியில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் அவசரமில்லை என்று மாணிக்கம் ஒரு ஹாரன் அடித்தார். பிறகு நாங்கள் எழுந்து மேலே ஏறினோம்.